ஹெ ஷோ வூ: ஒரு கிழங்கும் அதன் கீர்த்தியும்

நவீன சீன இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் லூ சுன், 1926ஆம் ஆண்டில் தம் பாலிய நினைவுகளை எழுதப் புகுந்தபோது, ஷாவோசிங் நகரில் தம் வீட்டின் பின்புறத்தில் இருந்த பாழ்பட்ட தோட்டத்தையும், அதன் மண்சுவரோரமாக மண்டிக் கிடந்த கொடிகளையும் மறவாமல் குறிப்பிட்டிருக்கிறார். அக்கொடிகளுள் ஒன்றின் கிழங்கு சில சமயம் மனித வடிவில் இருக்கும் என்றும், அதை உண்டவன் சித்தனாகி மரணமின்றி வாழ்வான் என்றும் யாரோ சொல்லக் கேட்ட அந்தச் சிறுவன், கொடியைப் பிடித்து இழுத்துப் பிடுங்குவதையே தொழிலாகக் கொண்டான். அறாமல் நீண்டுகொண்டே வந்த வேரைத் தொடர்ந்து போனதில் மண்சுவரும் சிதைந்தது. மனித வடிவக் கிழங்கு மட்டும் அவன் கைக்கு அகப்படவே இல்லை. அந்தக் கொடியின் பெயர் ஹெ ஷோ வூ.

சிறுவன் தேடியதைப் பெரியவர்களும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நரைத்த கேசம் மீண்டும் கறுக்கவேண்டும், தளர்ந்த தேகம் தேறவேண்டும், இயலுமாயின் ஆயுளும் சற்றே நீளவேண்டும் என்ற ஆசையோடு, ஹாங்காங், சிங்கப்பூர், பினாங்கு முதலிய ஊர்களின் சீன மருந்துக்கடைகளிலும், அமெரிக்க நாட்டு மாத்திரைப் புட்டிகளிலும், ஷாம்பூக் குப்பிகளிலும் இந்தக் கிழங்கை வாங்குவோர் இன்றும் ஏராளம். இதனைப் பற்றி எழுதுகிறவர்களோ இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர்: ஆயிரத்து இருநூறு ஆண்டு அனுபவம் பொய்க்குமா என்று கேட்பவர்கள் ஒரு சாரார், ஈரலைக் கெடுக்கும் விஷக் கிழங்கு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுபவர்கள் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் பழைய சீன வைத்திய கிரந்தங்களைப் பொறுமையாகப் புரட்டிப் பார்க்கவில்லையோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ஏனெனில், அக்கிரந்தங்கள் இந்தக் கிழங்கின் மகிமையைச் சொல்வதற்கு எவ்வளவு இடம் கொடுத்தனவோ, அதற்குக் குறையாத இடத்தை இதனை எப்படி வேகவைப்பது என்று சொல்வதற்கும் கொடுத்திருக்கின்றன. கதையைக் கேட்டவர்கள் பலர். பக்குவத்தைக் கேட்டவர்கள் சிலர். இக்கிழங்கின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் செடியைப் பார்ப்போம். ரேவற்சினிக் கிழங்கு எந்தத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அதே குடும்பத்தைச் சேர்ந்த படர்கொடி இது. இலைகள் இருதய வடிவம். பூக்கள் மிகச் சிறியவை, வெண்மையானவை, கொத்துக் கொத்தாக மலர்பவை. மண்ணுக்குள் இருப்பது செம்பழுப்பு நிறமான, கரடுமுரடான வேர்க்கிழங்கு. குறுக்கே வெட்டினால், நடுவில் ஒரு வட்டமும் அதைச் சூழப் பல சிறு வட்டங்களுமாக மேகக் கூட்டம்போல ஒரு கோலம் தென்படும். சீன வியாபாரிகள் அதனை மேகப் பட்டு என்றே சொல்லி, சரக்கின் தரத்துக்கு அத்தாட்சியாகக் காட்டுவார்கள். குவெய்சௌ, சிச்சுவான், குவாங்சி, குவாங்டோங் முதலிய தென்மேற்கு, தென் மாகாணங்களில் இது செழித்து வளர்கிறது. குவாங்டோங்கில் உள்ள தெச்சிங் என்னும் வட்டாரத்துச் சரக்குக்குத் தனி மதிப்பு உண்டு. ஜப்பானுக்கு மருந்துச் செடியாகக் கொண்டுபோகப்பட்டு அங்கே வேலியோரங்களில் தானே பரவிவிட்ட இக்கொடிக்கு, 1784ஆம் ஆண்டில் வெளிவந்த ஜப்பானியத் தாவர நூலில் விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் ஸ்வீடன் தேசத்துத் துன்பர்க். பாலிகோனம் மல்டிஃப்ளோரம் என்று அவர் வைத்த பெயரைப் பிற்காலத்துத் தாவர நூலோர் இரண்டு மூன்று முறை மாற்றிவிட்டனர்; மருந்துக்கடைக்காரர்கள் அந்த மாற்றங்களைச் சட்டை செய்யவில்லை.

சீனப் பெயரோ விஞ்ஞானிகளின் பெயரைவிடச் சுவாரசியமானது. ஹெ என்பது ஒரு குடும்பப் பெயர்; ஷோ என்றால் தலை; வூ என்றால் காக்கையின் கறுப்பு. ஹெ என்பவருடைய கறுத்த தலை என்று பொருள்படும் இப்பெயர், தாங் வமிச காலத்தில் வாழ்ந்த லீ ஆவ் என்னும் பண்டிதர் எழுதிவைத்த ஒரு கதையினால் நிலைபெற்றது. ஹான் யூ என்ற பேரறிஞரின் சீடரும், கன்பூஷிய நெறியில் அழுத்தமான பற்றுடையவருமான இவர், 812ஆம் ஆண்டில் ஒரு பௌத்த பிட்சு மலைவாசியான கிழவர் ஒருவரிடம் கேட்டு வந்த செய்தி இது என்று சொல்லித் தொடங்குகிறார்.

ஷுன்சௌ என்ற பகுதியில் தியானர் என்று ஒருவன் இருந்தான். பிறவியிலேயே ஆண்மைக் குறைவுடைய அவனுக்கு ஐம்பத்தெட்டு வயதாகியும் மனைவி இல்லை, மக்கள் இல்லை. மலையில் ஒரு குருவை அடுத்து யோக மார்க்கத்தில் நாட்டங்கொண்டிருந்தான். ஒருநாள் குடித்துவிட்டுக் காட்டில் கிடந்தபோது, மூன்று அடிக்கு மேற்பட்ட இடைவெளியில் முளைத்திருந்த இரண்டு கொடிகள் ஒன்றையொன்று தழுவிப் பின்னிக்கொள்வதையும், நெடுநேரம் கழித்துப் பிரிவதையும், பிரிந்த பிறகு மறுபடியும் தழுவுவதையும் கண்டான். மறுநாள் கிழங்கை அகழ்ந்தெடுத்து விசாரித்தான். பெயர் சொல்வார் யாருமில்லை. பின்னர் ஒரு முதியவர், இது தெய்வத்தன்மையுள்ள மருந்தாக இருக்கக்கூடும், உண்டு பார் என்று சொல்ல, பொடித்து வெறும் வயிற்றில் மதுவோடு உட்கொள்ளத் தொடங்கினான். சில நாளில் இல்லற விருப்பம் தோன்றிற்று. ஒரு வருஷத்தில் பழைய பிணிகள் எல்லாம் தீர்ந்து, கேசம் கறுத்து, முகத்தில் இளமை திரும்பிற்று. பத்தாண்டுக்குள் பிள்ளைகள் பலர் பிறக்க, தியானர் என்ற பெயரையே மாற்றி, சந்ததி பெற வல்லவன் என்று பொருள்படும் நெங்சி என்ற பெயரை அவன் சூடிக்கொண்டான். அவனும் அவன் மகன் யான்ஷியூவும் நூற்றறுபது வயது வரை வாழ்ந்தார்கள். யான்ஷியூவின் மகன்தான் ஷோவூ. நூற்று முப்பது வயதிலும் அவன் கேசம் கறுப்பாகவே இருந்தது. அண்டைவீட்டுக்காரனான லீ ஆன்ச்சி என்பவன் அந்த முறையைத் திருடித் தானும் உண்டு தானும் நீடு வாழ்ந்து, விஷயத்தை ஊருக்கு வெளிப்படுத்திவிட்டான். இந்தத் திருட்டு இல்லாவிட்டால் கதையும் இல்லை, கிழங்கும் இல்லை!

கதையின் உட்பொருளை ஊன்றிப் பார்த்தால் ஒரு விசேஷம் புலப்படும். இன்று உலகமெல்லாம் இந்தக் கிழங்கை முடிக்காகவே வாங்குகிறது; லீ ஆவின் கதையிலோ முடி இரண்டாம் பட்சம். சந்ததியில்லாதவனுக்குச் சந்ததி வாய்த்தது என்பதே அங்கே பிரதானமான அற்புதம். பித்ருக்களுக்குச் செய்யவேண்டிய கடனைத் தலையாய தர்மமாகக் கருதும் கன்பூஷியப் பண்டிதர் ஒருவர் ஒரு மருந்துக் கதையை எழுதுவதற்குக் கூசாமல் முன்வந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். இரு கொடிகள் தழுவிக்கொள்வதைக் கண்டு அதன் வேருக்குச் சந்தான சக்தியைக் கற்பித்தது, உருவ ஒப்புமையால் குணத்தை ஊகிக்கும் பழைய வழக்கம். அது சீனத்துக்கு மட்டும் உரியதன்று. அக்கொடியின் தண்டை இரவில் தழுவும் கொடி என்று பெயரிட்டு, நித்திரை வராதவர்களுக்கு இன்றும் சீன வைத்தியர்கள் கொடுத்துவருகிறார்கள்.

கதையோடு ஓர் அட்டவணையும் வழங்கிவந்தது. ஐம்பது ஆண்டு முதிர்ந்த கிழங்கு மலையடிமை எனப்படும். நூறாண்டுக் கிழங்கு மலையண்ணன். நூற்றைம்பது ஆண்டானது மலைப் பெரியப்பா. இருநூறு ஆண்டானது மலைத் தாத்தா. முந்நூறு ஆண்டானது மலையின் ஆவி, அதனை நெடுங்காலம் உண்டவன் பூலோகத்திலேயே சித்தனாவான். கிழங்குக்குக்கூட உறவுமுறை சொல்லி வயதுக்கேற்ற மரியாதை கொடுத்த அந்த மனப்பான்மையை ரசிக்காமல் இருக்கமுடியவில்லை. எட்டுச் சித்தர்களில் ஒருவராகிய, கழுதைமேல் பின்புறம் திரும்பி அமர்ந்து சவாரி செய்யும் சாங் குவோலாவ், மற்றொருவர் சமைத்து வைத்திருந்த குழந்தை வடிவக் கிழங்கைத் தின்று சித்தரானார் என்றும், மிஞ்சிய குழம்பைக் குடித்த அவர் கழுதையும் அமரத்துவம் அடைந்தது என்றும் நாடோடிக் கதை உண்டு. ஷாவோசிங் சிறுவனின் காதில் விழுந்தது இக்கதைகளின் எதிரொலியே.

இனி வைத்திய கிரந்தங்களுக்கு வருவோம். சோங் வமிசத்தின் தொடக்கத்தில், கைபாவ் ஆட்சியாண்டுகளில், சக்கரவர்த்தியின் ஆணைப்படி 973-74இல் தொகுக்கப்பட்ட மருந்து நூலிலேதான் இக்கிழங்கு முறையாக இடம்பெறுகிறது. கண்டமாலை, கட்டி, முகத்திலும் தலையிலும் தோன்றும் சிரங்கு, மூலம் ஆகியவற்றை நீக்கும் என்று தொடங்கி, ரத்தத்தை வளர்க்கும், தாடிமீசையையும் கிருதாவையும் கறுக்கவைக்கும், எலும்பையும் நரம்பையும் வலுவாக்கும், ஆயுளை நீட்டும், பிரசவத்துக்குப் பிந்திய பெண்களின் நோய்களுக்கும் ஆகும் என்று அந்நூல் முடிகிறது. பட்டியலின் வரிசையைக் கவனிக்கவேண்டும். கட்டியும் சிரங்கும் மூலமும் முன்னே நிற்கின்றன. கறுத்த மீசை பின்னே வருகிறது. ஊர் வைத்தியர் கைகண்ட பிரயோகமும், கதையின் வழியாக வந்த கீர்த்தியும் ஒரே பத்தியில் அருகருகே உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகு ஐந்தாறு நூற்றாண்டு காலம் பல மருந்துகளில் ஒன்றாக இருந்துவந்த இக்கிழங்கைப் பிரசித்தியின் சிகரத்தில் ஏற்றியவர் ஒரு சக்கரவர்த்தி. மிங் வமிசத்தின் ஜியாஜிங் சக்கரவர்த்தி, 1521 முதல் 1567 வரை அரசாண்டவர், தாவோ மதத்தின் அமுதக் குளிகைகளில் தீராத மோகம் கொண்டவர். அவருடைய ஆட்சியின் தொடக்கத்தில் ஷாவ் யிங்ஜியே என்பவர் ஏழு ரத்தினக் குளிகை என்று சொல்லத்தக்க ஒரு மருந்தைச் சமர்ப்பித்தார் என்றும், அதை உட்கொண்ட சக்கரவர்த்திக்கு அடுத்தடுத்துப் புத்திர பாக்கியம் கிட்டிற்று என்றும், அதிலிருந்து இக்கிழங்கு சேர்ந்த முறைகள் நாடெங்கும் பரவின என்றும் லீ ஷிச்சென் தம் பெருநூலில் எழுதியிருக்கிறார். 1518இல் பிறந்து 1593இல் மறைந்த அந்த மகாவைத்தியரின் நூல், 1,892 சரக்குகளை ஐம்பத்திரண்டு பாகங்களில் விவரிப்பது, அவர் இறந்த பிறகு 1596இல் நான்ஜிங்கில் அச்சேறியது. இக்கிழங்கைக் குளிர்ச்சியும் அல்லாத, வறட்சியும் அல்லாத உத்தமமான சரக்கென்று அவர் மெச்சுகிறார். அரசனுக்குப் பிள்ளை பிறந்ததற்குக் குளிகைதான் காரணமா என்று ஆராய்வது அக்காலத்தில் உசிதமான காரியம் அன்று.

அந்த ஏழு ரத்தினங்களில் ஒன்று தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமானது. புகுசி என்று சீனர் வழங்கும் அந்த விதை, நம் நாட்டு மருந்துக்கடைகளில் வெண்குஷ்டத்துக்கென்று விற்கும் கார்போகரிசியே; சம்ஸ்கிருதத்தில் வாகுசி என்றும் பாகுசி என்றும் சொல்லும் பெயர்தான் சீனர் நாவில் அப்படித் திரிந்தது என்று அறிஞர் கூறுவர். மிங் சக்கரவர்த்தியின் குளிகைக்குள் பாரத நாட்டுப் பெயருடைய ஒரு விதை இருந்தது என்பது, மருந்துகளுக்கு எல்லைக்கோடு இல்லை என்பதை நினைவூட்டுகிறது.

இப்போது நான் முன்பே சொன்ன பக்குவத்துக்கு வருகிறேன். இக்கட்டுரையின் உயிர்நிலை இதுதான். ஏழு ரத்தினக் குளிகையின் முறை, கிழங்கை வாங்கிப் பொடித்துக்கொள் என்று சொல்லவில்லை. அரிசி கழுநீரில் மூன்று நான்கு நாள் ஊறவைக்கவேண்டும்; பீங்கான் சில்லால் தோலைச் சுரண்டவேண்டும்; இரும்பு படலாகாது. பிறகு மரத்தாலான ஆவிப் பாத்திரத்தில் கறுப்புச் சோயா அவரை ஓர் அடுக்கு, கிழங்கு ஓர் அடுக்கு என மாற்றி மாற்றிப் பரப்பி, அவரை வெந்து குழையும்வரை அவிக்கவேண்டும். வெந்த அவரையை அகற்றிவிட்டு, கிழங்கை வெயிலில் உலர்த்தி, புதிய அவரையைப் பரப்பி மறுபடியும் அவிக்கவேண்டும். இவ்வாறு ஒன்பது முறை. செம்பழுப்பாக இருந்த கிழங்கு ஒவ்வோர் அவியலிலும் கறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் அவரையின் சாரம் ஊறிக் கரிய நிறம் எய்துகிறது. தலையைக் கறுப்பாக்கும் சரக்குத் தானே முதலில் கறுக்கவேண்டும் என்ற பாவனை இதில் கலந்திருக்கலாம். ஒன்பது என்ற எண்ணும் சீனருக்குப் பூரணத்துவத்தின் அடையாளம். ஆயினும் பாவனையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்த உழைப்பில் ஒரு நுட்பமான அறிவு மறைந்திருக்கிறது.

சீன வைத்தியர் பச்சைக் கிழங்கையும் பக்குவம் செய்த கிழங்கையும் ஒரே மருந்தாகக் கருதியதில்லை. ஷெங் ஷோவூ எனப்படும் பச்சைக் கிழங்கு, மலத்தை இளக்கவும், விஷத்தை முறிக்கவும், கட்டிகளைக் கரைக்கவும் பயன்படுவது. ஜி ஷோவூ எனப்படும் பக்குவக் கிழங்குதான் தேகத்தைப் போஷிப்பது. சித்த வைத்தியத்தில் சரக்குச் சுத்தி என்று சொல்லப்படும் சம்பிரதாயத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அமுக்கராக் கிழங்கைப் பாலின் ஆவியில் பிட்டாக அவித்தெடுக்காமல் சூரணத்தில் சேர்ப்பவனை நம் வைத்தியர்கள் வைத்தியனாகவே ஒப்பமாட்டார்கள். இன்றைய சீன மருந்துத் தொகுப்பு நூலும் இவ்விரண்டையும் தனித்தனித் தலைப்பில் வைத்து, பச்சைக் கிழங்குக்கு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் என்றும், பக்குவக் கிழங்குக்கு 6 முதல் 12 கிராம் என்றும் அளவு வகுத்திருக்கிறது. ஒன்பது முறை அவிப்பதற்கு இப்போது ஆலைகளில் அவகாசம் இல்லை. நூறு கிலோ கிழங்குக்குப் பத்துக் கிலோ கறுப்பு அவரையின் சாறு என்ற கணக்கில் ஒரே தடவையாக நெடுநேரம் வேகவைத்து முடித்துவிடுகிறார்கள்.

சரி, இதனால் முடி கறுப்பது எங்ஙனம்? சீன வைத்திய சாஸ்திரத்தின்படி சிறுநீரகமே மனிதனுடைய ஜீவசாரத்தின் உறைவிடம். அச்சாரத்தின் மலர்ச்சி கேசத்தில் தெரியும். ரத்தத்தின் உபரியே முடி. அந்த ரத்தத்தைச் சேமித்து வைப்பது ஈரல். ஆகவே ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் புஷ்டியளிக்கும் மருந்து முடிக்கும் புஷ்டியளிக்கும் என்பது அந்தச் சாஸ்திரத்துக்குள்ளே முரண்பாடில்லாத தர்க்கம். அங்கே ஈரல், சிறுநீரகம் என்பன உடற்கூறு நூலார் சொல்லும் உறுப்புகள் மட்டும் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தொழிற்கூட்டத்தின் பெயர். இதை மறந்து, ஈரலை வளர்ப்பதாகச் சொன்ன மருந்தே ஈரலைக் கெடுத்துவிட்டது பார்த்தீர்களா என்று எள்ளி நகையாடுவது சுலபம், நானும் முதலில் அப்படித்தான் நகைத்தேன், நகைப்பு நியாயமானதன்று.

நவீன ரசாயன ஆராய்ச்சி இக்கிழங்கில் இரண்டு வகைப் பொருள்களை முக்கியமாகக் காட்டுகிறது. ஒன்று, ஆந்த்ராகுவினோன் எனப்படும் கூட்டம். எமோடின் முதலியவை இதில் அடங்கும். ரேவற்சினியிலும் நம் திருநெல்வேலி நிலாவரையிலும் பேதி உண்டாக்கும் சரக்குகள் இதே கூட்டத்தைச் சேர்ந்தவை. மற்றொன்று, திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ராலுக்கு உறவான ஸ்டில்பீன் கிளைகோசைடு. பச்சைக் கிழங்கில் நூற்றுக்கு ஒரு பங்குக்குக் குறையாமலும், பக்குவக் கிழங்கில் 0.70 பங்குக்குக் குறையாமலும் இது இருக்கவேண்டும் என்று சீன மருந்துத் தொகுப்பு விதித்திருக்கிறது. நெடுநேரம் வேகும்போது சர்க்கரையோடு பிணைந்த ஆந்த்ராகுவினோன்கள் சிதைந்து குறைகின்றன. அதனால் பேதிக் குணம் தணிகிறது. பச்சைக் கிழங்கு மலமிளக்கி, வெந்த கிழங்கு புஷ்டி மருந்து என்று பழையவர்கள் நாவாலும் வயிற்றாலும் அறிந்து பிரித்த பிரிவுக்கு, முதற்பாதி அளவிலாவது, ரசாயனம் சாட்சி சொல்கிறது. முதுமையில் மலச்சிக்கலால் வருந்தியவர்கள் இந்தக் கிழங்கால் அது தீர்ந்து தேகம் லேசாகி, இளமை திரும்பிற்று என்று நம்பியதும் உண்டோ என்று சில சமயம் நினைக்கிறேன். இது என் ஊகமே.

இரண்டாம் பாதிக்கு, அதாவது நரை நீங்கும் என்பதற்கு, அத்தகைய சாட்சி இன்னும் வரவில்லை. முடியின் வேர்ப்பையில் நிறப்பொருளை உண்டாக்கும் உயிரணுக்களின் மூலஅணுக்கள் வயது முதிர முதிரக் குறைந்து அழிவதே நரைக்குக் காரணம் என்பதை 2005ஆம் ஆண்டில் எமி நிஷிமுராவும் அவருடைய தோழர்களும் விளக்கினர். வற்றிப்போன ஊற்றை மீண்டும் சுரக்கவைப்பது போன்ற அக்காரியத்தை இக்கிழங்கு மனிதரிடத்தில் செய்கிறது என்று நிறுவும் பெரிய, முறையான மருத்துவச் சோதனை எதுவும் இல்லை. சோதனைக் குழாயில் வளர்த்த அணுக்களில் நிறப்பொருள் மிகுந்தது என்றும், மயிர் நீக்கிய எலிகளின் தோலில் ரோமம் விரைந்து முளைத்தது என்றும் ஆய்வுரைகள் உண்டு. எலிக்கு மயிர் முளைப்பதற்கும், அறுபது வயதுக்காரரின் நரை மாறுவதற்கும் இடையே உள்ள தூரத்தை விளம்பரக்காரர்கள் ஒரே தாவில் தாண்டிவிடுகிறார்கள்; ஆராய்ச்சியாளர் தாண்டுவதற்கில்லை.

விளம்பரம் என்றவுடன் லீ சிங்யுவன் என்பவர் நினைவுக்கு வருகிறார். சிச்சுவான் மாகாணத்தில் மூலிகை விற்று வாழ்ந்த இந்த முதியவர் 1933இல் இறந்தபோது, அவர் பிறந்தது 1736இல் என்றும், அதுவும் அன்று, 1677இல் என்றும் செய்திகள் பரவின. பிந்திய கணக்கை நம்பினால் அவருக்கு 256 வயது! நியூயார்க்கின் பத்திரிகைகள் வரை இச்செய்தி போயிற்று. சேனாதிபதி யாங் சென் அவரை 1927இல் தம் மாளிகைக்கு வரவழைத்து விருந்தோம்பிய கதையும் அதோடு சேர்ந்தது. அவர் உண்டதாகச் சொல்லப்பட்ட மூலிகைகளில் ஹெ ஷோ வூவும் வல்லாரையும் இடம்பெற்றன. பிறப்பைப் பற்றிய நம்பத்தகுந்த பதிவு ஒன்றுமில்லாத இந்த மனிதரின் கீர்த்தி, அமெரிக்க மருந்து வியாபாரத்துக்குப் பெரிய முதலாயிற்று. வல்லாரையைச் சேர்த்து ஃபோ-டி-டியெங் என்ற பெயரில் ஒரு கலவை விற்றது; ஃபோ-டி என்ற பெயரில் ஹெ ஷோ வூக் கிழங்கு விற்றது; சீன மொழியில் இக்கிழங்குக்கு ஃபோ-டி என்று ஒரு பெயரே கிடையாது. பெயரின் ஒற்றுமையால் இரண்டையும் ஒன்றென மயங்கியவர்கள் பலர். நம் வீட்டுக் கொல்லையில் தரையோடு படரும் வல்லாரையும் சீனத்துக் கிழங்கும் ஒரே புட்டிக்குள் புகுந்ததுபோல ஆகிவிட்டது.

மயக்கம் சீனத்திலும் குறைவில்லை. வெள்ளை ஷோவூ என்று வழங்கும் சரக்கு முற்றிலும் வேறொரு செடி. எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. கொரியாவில் மாதவிலக்கு நிற்கும் பருவத்துப் பெண்கள் விரும்பி வாங்கிய பெக்சுவோ என்பது அக்குடும்பத்திலேயே உள்ள ஒரு கொடியின் வேர். 2015ஆம் ஆண்டில் அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு சோதித்தபோது, கடைகளில் இருந்த பொருள்கள் பலவற்றில் அதற்குப் பதிலாக மலிவான வேறொரு வேர் கலந்திருந்தது தெரியவந்து நாடு முழுவதும் பெரும் அமளியாயிற்று. இவற்றையெல்லாம் மிஞ்சும் சாமர்த்தியம் சீனக் கிராமத்துப் புரட்டர்களுடையது. ஆணும் பெண்ணுமாகக் கை, கால், முகம் எல்லாம் அமைந்த இரட்டைக் கிழங்குகளை, ஆயிரம் ஆண்டு முதிர்ந்த ஹெ ஷோ வூ என்று சொல்லி வழிப்போக்கரிடம் பெருந்தொகைக்கு விற்பார்கள். அவை, பொம்மை அச்சுக்குள் வேறொரு கிழங்கை அடைத்து மண்ணில் புதைத்து வளர்க்கப்பட்டவை. லூ சுன் பிடுங்கிப் பிடுங்கிக் காணாத கிழங்கைச் சந்தை இப்போது அச்சில் வார்த்துத் தருகிறது.

ஏமாற்றத்தோடு நின்றிருந்தால் இதைப் பற்றி இவ்வளவு எழுதவேண்டிய அவசியமில்லை. இனிச் சொல்லப்போவது உயிரைப் பற்றியது. 1996ஆம் ஆண்டில் ஹாங்காங்கைச் சேர்ந்த மருத்துவர்கள், இக்கிழங்கினால் செய்த ஷோ வூ பியன் என்ற மாத்திரையை உண்டவருக்கு ஈரல் அழற்சி கண்டதை விஞ்ஞானப் பத்திரிகையில் பதிவு செய்தனர். அதன்பின் கொரியா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா, சீனம் எனப் பல நாடுகளிலிருந்தும் அறிக்கைகள் வந்தன. எல்லாவற்றிலும் போக்கு ஏறக்குறைய ஒன்றே: மருந்தைத் தொடங்கிச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அசதி, பசியின்மை, சிறுநீர் கறுத்தல், கண்ணும் தோலும் மஞ்சளித்தல், நிறுத்தினால் பெரும்பாலோர் தேறினர், குணமானபின் மறுபடியும் உண்ணத் தொடங்கியவர்களுக்கு நோய் மறுபடியும் வந்தது. இந்தக் கடைசி விவரமே கிழங்கின்மேல் குற்றத்தை உறுதியாக நிலைநாட்டுவது. தற்செயலாக ஒருமுறை நேரலாம், மருந்தோடு வந்து மருந்தோடு போய் மறுபடியும் மருந்தோடு வருவது தற்செயலாகாது. சிலருக்கு ஈரல் முற்றும் செயலிழந்து, மாற்று ஈரல் பொருத்தவேண்டிய நிலையும் மரணமும் நேர்ந்ததுண்டு.

பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2006இல் எச்சரிக்கை விடுத்தது. சீன அரசின் உணவு மருந்து நிர்வாகமே 2014இல் இந்த அபாயத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு எச்சரித்ததோடு, ஆரோக்கிய உணவு என்ற பெயரில் விற்கும் பொருள்களில் பச்சைக் கிழங்கின் அளவு நாளொன்றுக்கு 1.5 கிராமையும், பக்குவக் கிழங்கின் அளவு 3 கிராமையும் தாண்டலாகாது என்று வரம்பு கட்டியது. மருந்தாக வைத்தியர் கொடுக்கும்போது அனுமதித்த உச்ச அளவில் இது கால் பங்கு. தன் நாட்டுப் பழம்பெருமை மிக்க ஒரு மருந்தின் தோஷத்தைத் தானே எடுத்துச் சொல்வதற்கு ஓர் அரசுக்கு மனத்திடம் வேண்டும். அதனை இங்கே பாராட்டாமல் விடலாகாது.

ஆனால் ஆயிரக்கணக்கானோர் உண்ணச் சிலருக்கு மட்டும் கேடு விளைவது ஏன்? 2019இல் வெளிவந்த சீன ஆராய்ச்சி இதற்கு ஒரு பெரிய வெளிச்சம் காட்டிற்று. இக்கிழங்கால் ஈரல் கெட்டவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேரிடம் ஹெச்.எல்.ஏ.-பி 35:01 என்னும் ஒரு பரம்பரைக் கூறு காணப்பட்டது. சீனப் பொதுமக்களில் அதை உடையவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. உடலின் எதிர்ப்புச் சக்தியை ஆளும் கூறுகளில் ஒன்று இது. இதனை உடையவர்களின் உடல், கிழங்கின் ஏதோ ஒரு பொருளைப் பகையாகக் கண்டு, அதனோடு பொருதும் வேகத்தில் தன் ஈரலையே புண்படுத்திக்கொள்கிறது என்று கருத இடமிருக்கிறது. ஆகவே, என் பாட்டனார் இருபது வருஷம் உண்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற சாட்சியத்தால் பேரனுக்குப் பாதுகாப்பில்லை; பாட்டனாரிடம் இல்லாத கூறு பேரனுக்குத் தாய்வழியில் வந்திருக்கலாம். ஆயிரத்து இருநூறு ஆண்டு அனுபவம் என்ற வாதம் தோற்கும் இடமும் இதுவே. நூற்றுக்கு ஒருவருக்கோ ஆயிரத்துக்கு ஒருவருக்கோ, அதுவும் இரண்டு மாதம் கழித்து நேரும் காமாலையை, ஊருக்கு ஒருவராக இருந்த பழைய வைத்தியர் எப்படி இந்தக் கிழங்கோடு முடிச்சுப்போட்டிருக்க முடியும்? அவருடைய கூர்மையில் குறையில்லை. அவர் கண்ட நோயாளிகளின் தொகை போதாது.

பக்குவம் செய்தால் கேடு முற்றும் நீங்கிவிடுமா என்ற கேள்விக்கு, நான் விரும்பும் விடையைச் சொல்ல முடியவில்லை. பச்சைக் கிழங்கைவிட வெந்த கிழங்கின் நஞ்சு குறைவு என்று பிராணிகளிடம் நடந்த சோதனைகள் பல காட்டுகின்றன. எனினும் ஈரல் கெட்டதாகப் பதிவான நோயாளிகளில் பக்குவக் கிழங்கை உண்டவர்களும் இருக்கிறார்கள். ஒன்பது அவியல் என்ற பழைய முறை குறைக்கும், ஒழிக்காது. பக்குவத்தின் பெருமையைப் பேசிவந்த நான் இதை ஒளிக்காமல் சொல்வதே முறை. ஆயினும், பழைய வைத்தியர் நாடி பார்த்து, அளவு வகுத்து, வேறு ஆறு சரக்குகளோடு சேர்த்து, சில காலம் கொடுத்து நிறுத்திய மருந்தை, இன்று பக்குவமானதா பச்சையா என்று உறையில் சொல்லாமல், வைத்தியரே இல்லாமல், தினந்தோறும், முடிவேயில்லாமல் விழுங்குகிறார்கள். கதையை மட்டும் வைத்துக்கொண்டு சமையற்குறிப்பைத் தொலைத்துவிட்ட வியாபாரம் இது.

என் முடிபு இதுதான்: நரைக்காக இக்கிழங்கை உண்பதற்கு நியாயமான பிரமாணம் இல்லை, ஈரல் நோய் முன்பே உள்ளவர்கள் எக்காரணத்துக்காகவும் இதைத் தொடலாகாது. வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பிய புட்டியிலோ, முடி வளரும் என்று வாங்கிய மாத்திரையிலோ ஹெ ஷோ வூ, ஃபோ-டி, பாலிகோனம் என்ற பெயர்களுள் ஏதேனும் கண்டால், அதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் காட்டுங்கள். உண்டுவரும்போது சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஈரலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.